கட்சி டைலரும் பறக்கும் ஆசாமியும்

உடுத்தியிருக்கும் துணியைப் பார்த்தே ஒருவர் எந்தக் கட்சி என்று சொல்லக்கூடிய மனிதர் அரியலூர் தாலுகாவிலேயே ஒருவர்தான் இருந்தார். பத்துக்கு எட்டு தப்பாகச் சொல்வார். இருந்தாலும் சொல்லாமல் விடமாட்டார்.

ஸ்டேஷன் ரோட்டில் கடை. ஊர் அவருக்கு வைத்த பெயர் கட்சி டைலர். குரும்பலூர் வாத்தியார் ஒருவர் கதர்க் கோட்டை ஆல்டர் செய்யக் கொடுத்தபோது, அதன் உள்பக்கத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "மேல கதரு, உள்ள அஸ்தர்ல மில் துணி. இவரு சர்க்கார் ஆளுதான்" என்று தீர்ப்புச் சொன்னார். மறுவாரமே அந்த வாத்தியார் மறியலில் கலந்துகொண்டு ஜெயிலுக்குப் போய்விட்டார். டைலர் அசரவில்லை.

"ஜெயில்ல குடுக்குற துணி மட்டும் யாரு துணிங்க?" என்றார்.

நான் அப்போது ரயில்வேயில் பார்சல் கிளார்க். யுத்த சமயம். அமெரிக்க சோல்ஜர்கள் ஏறிப்போகும் வண்டிகளில் கலர் படக்கதைப் புத்தகங்கள் கிடக்கும். முதுகில் சிவப்புத் துணி தொங்க ஆகாயத்தில் பறந்து, அயோக்கியர்களை உதைக்கும் ஒரு ஆசாமியின் கதை. ஒன்றை எடுத்துக்கொண்டு போய் டைலரிடம் காட்டினேன். கதையை அவர் கேட்கவே இல்லை.

"இவன் எந்தப் பக்கம் சார்?"

"படக்கதையில ஏதுங்க கட்சி?"

"கட்சி இல்லாம ஒருத்தன் இப்படியா உடுத்துவான்?" டேப்பை எடுத்துப் படத்தின்மேல் வைத்தார். "ஊர்ல கோமணத்துக்குத் துணி கிடைக்கல. எல்லாம் கண்ட்ரோலு. இவன் முதுகுல மூணு கஜம் சும்மா தொங்குது. கலெக்டர் ஆபீஸ் சிபாரிசு இல்லாம வருமா? அவசரத்துல ஜட்டியை வெளிய மாட்டிக்கிட்டு ஓடுறான் பாருங்க. சர்க்கார் ஆளேதான்."

பக்கத்தைப் புரட்டினேன். பறக்கும் ஆசாமி ஒரு கட்டடத்தின் இரும்புக் கம்பிகளை வளைத்து, உள்ளே அடைபட்டவர்களை வெளியே விட்டுக்கொண்டிருந்தான். டைலரின் கை நின்றது.

தந்திக் கம்பியை அறுத்தான் என்று அவர் தம்பியைப் பிடித்துத் திருச்சி ஜெயிலில் போட்டு ஒரு வருஷம் ஆகியிருந்தது. ஊரார் கட்சியெல்லாம் பேசுகிறவர் அதைப் பற்றி மட்டும் வாய் திறக்க மாட்டார்.

"சார், இவன் நம்ம ஆளு போலருக்கே" என்றார். குரல் இறங்கியிருந்தது. "கடைசிப் பக்கத்துல என்னமோ நேரா நம்மளப் பாத்துச் சொல்றானே. என்ன சொல்றான்?"

யுத்தக் கடன் பத்திரம் வாங்கி சர்க்காருக்கு உதவுங்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தான் அந்தப் படுபாவி. டைலரின் முகத்தைப் பார்த்தேன்.

"ஜெயில்ல இருக்கறவங்க சீக்கிரம் வந்துடுவாங்க, கவலைப்படாதீங்கங்கறான்" என்றேன்.

அந்தப் பக்கத்தைப் பசை தடவி மெஷினுக்கு மேலே ஒட்டிவிட்டார். இங்கிலீஷ் தெரிந்த யாராவது கடைக்குள் நுழைந்தால் நான் அந்தப் படத்தை மறைத்துக்கொண்டு நிற்பேன்.

யுத்தம் முடியும் சமயத்தில் தம்பி வந்து சேர்ந்தான். பாதியாகிப் போயிருந்தான். டைலர் அவனுக்கு அளவெடுக்கும்போது நானும் கடையில் இருந்தேன். மனசு கேட்காமல் உண்மையைச் சொல்லிவிட்டேன்.

"அது அன்னிக்கே தெரியும் சார்" என்றார், டேப்பிலிருந்து கண்ணை எடுக்காமல். "படத்துல மேஜை போட்டு ஜனங்க வரிசையா நிக்குதே, தாசில்தார் யுத்த நிதி வசூல் பண்ணுன மாதிரியே. ஜெயில்லேருந்து ஆளை விட எதுக்கு மேஜை?"

"அப்புறம் ஏன் ஒட்டி வச்சீங்க?"

"அவன் என்னமோ சொல்லிட்டுப் போறான். நீங்க சொன்னதைத்தான் நான் ஒட்டி வச்சேன்."

எதையாவது கேட்க வேண்டுமே என்று, இத்தனை வருஷமாகக் கேட்காததைக் கேட்டேன். "என் ரயில்வே காக்கிச் சட்டைய எத்தனையோ தரம் தைச்சிருக்கீங்க. நான் எந்தக் கட்சின்னு ஒரு நாளும் சொல்லலையே?"

"இதுல சொல்ல என்ன இருக்கு? நீங்க நம்ம கட்சி சார்."

பத்துக்கு இரண்டு சரியாகச் சொல்வார். அதில் இது ஒன்று.