நாலாம் சடங்கில் கொடுத்த உபுண்டு

திருகோணமலை,
15.07.2007

அன்புள்ள மருமகன் தவராசாவுக்கு மாமா பாக்கியரத்தினம் எழுதிக்கொள்வது. இங்கே நானும் மாமியும் கொம்பியூட்டரும் நலம். கனடாவில் நீங்களும் மகளும் பேரனும் நலமாயிருக்கப் பத்திரகாளி அம்மன் துணை நிற்பாளாக.

நிற்க. கொம்பியூட்டரை ஓட்டுகிற உபுண்டுவை அழித்துவிட்டு விண்டோஸைப் போடச் சொல்லி, என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல், கொம்பியூட்டர் கடைக்காரச் சரீப்புக்குத் தொலைபேசி எடுத்திருக்கிறீர்கள். கொம்பியூட்டர் நீங்கள் வாங்கித் தந்தது, மறக்கவில்லை. உள்ளே இருப்பது நான் போட்டது. வைரஸ் பிடித்துச் செத்துக் கிடந்த பெட்டியை ஒருவரிடமும் படிக்காமல் எழுப்பினவன் நான். உபுண்டுக்காரருக்கு விலாசம் கொடுத்தால் போதும், தபால் செலவுகூடக் கேட்காமல் ஒரு கட்டுச் சீடி அனுப்புகிறார்கள். எனக்கு வேறெதுவும் இவ்வளவு ஒழுங்காக வந்ததில்லை. சோதனைச் சாவடியில் ஆமிக்காரன் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்து, உறையில் சிரிக்கிற ஆட்களைக் கண்டு தானும் சிரித்துப் போகவிட்டான். எல்லாவற்றுக்கும் மேலாக, அது தமிழில் கதைக்கிறது. சிங்களத்தில் வருகிற கடிதங்களை வாசிக்க ஆள் தேடித்தேடியே தலை நரைத்தவன் நான். இதுவோ மூடப்போனால், "நிச்சயமாக வெளியேற விரும்புகிறீர்களா?" என்கிறது. தொண்ணூறில் சண்டைக்குப் பயந்து வீட்டை விட்டு ஓடியபோதுகூட ஒருவரும் இப்படி மரியாதையாகக் கேட்கவில்லை.

அந்தச் சந்தோசத்தில்தான் அது நடந்தது. எங்களோடு இருக்கிற தங்கை அன்னலட்சுமியின் மகளுக்குக் கலியாணம் முடிந்து, நாலாம் நாள் விருந்தான நாலாம் சடங்குக்குச் சாம்பல்தீவிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். வெறும் பலகாரத்தோடு அனுப்பலாமா? ஒவ்வொரு பைக்குள்ளும் ஓர் உபுண்டு போட்டுவிட்டேன். அவர்கள் அதைக் கலியாண வீடியோ என்று நினைத்து, அயலைக் கூட்டிவைத்து டீவியில் போட்டிருக்கிறார்கள். ஒன்றும் ஓடவில்லை. விடிந்ததும் மாப்பிள்ளையின் தகப்பன் சோமசேகரம் சீடியோடு எங்கள் வாசலில் நின்றார்.

"கவரில நிக்கிற இவை ஆர்? உங்கட பகுதியோ?"

"இல்லை, இவை உபுண்டுக்காரர்."

"ஓம், அவை ஏன் எங்கட கலியாணத்துக்கு வந்தவை? எங்கட ஆக்கள் எங்கை?"

வைத்த தேத்தண்ணீரை அவர் தொடவில்லை. சம்பந்தி வீட்டில் தேத்தண்ணீர் தொடாவிட்டால் என்ன அர்த்தமென்று உங்களுக்குத் தெரியும். தங்கை அழத் தொடங்கினாள். மாமியோ, "உந்தச் சனியனை இண்டைக்கே அழியுங்கோ. இல்லாட்டில் சோத்துக்குக் குசினிப்பக்கம் வராதேங்கோ" என்றாள். அந்த நேரம் பார்த்து உங்கள் தூதுவர் சரீப்பும் விண்டோஸோடு வந்து கொம்பியூட்டருக்கு முன்னால் கதிரையை இழுத்துப் போட்டார்.

ஏலாது என்றேன். அழிப்பதானால் நான் கொடுத்தது என்னவென்று சம்பந்தி பார்த்த பிறகு அழிக்கட்டும் என்று சொல்லிப் பெட்டியின் சுவிட்சைப் போட்டேன். சோமசேகரம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "கோப்பு... தொகு... காட்சி... உதவி..." என்று தேவாரம் படிக்கிற மாதிரி ஒவ்வொன்றாக வாசித்தார். சிங்களத்தில் வந்த காணிக் கடிதம் ஒன்றை வாசிப்பிக்க அவரும் அரசாங்கக் கச்சேரியெல்லாம் அலைந்தவர்தானே!

"ஆர் இதைத் தமிழில செய்தது?"

"ஆரோ தமிழ்ப் பிள்ளையள். சும்மா இருந்து, காசு வாங்காமல் செய்திருக்குதுகள்."

அவர் சரீப் பக்கம் திரும்பினார். "தம்பி, இதையோ அழிக்க வந்தனீர்? கையை எடும்!"

"ஐயா, கனடாவில இருந்தெல்லோ சொல்லியிருக்கு."

"கனடா இருக்கட்டும். முதல்ல என்ர மகன்ர கொம்பியூட்டருக்கு இதைப் போட்டுவிடும்." பிறகு மாமியைப் பார்த்து, "தங்கச்சி, தேத்தண்ணி ஆறிப்போச்சு. சீனி கூடப்போட்டுப் புதுசா ஒண்டு ஊத்துங்கோ" என்றார்.

மாமி ஊற்றினாள். தங்கை கண்ணைத் துடைத்துக்கொண்டு வடை கொண்டுவந்தாள். சரீப்பும் குடித்துவிட்டு, கடைக்கென்று ஓர் உபுண்டு வாங்கிக்கொண்டு போனார்.

ஆகவே மருமகன், உபுண்டு இந்த வீட்டில் இருக்கும். அதனால் ஆகாத காரியம் ஒன்றுமில்லை என்பதை இத்தால் அறியத் தருகிறேன். மகளுக்கு ஆசீர்வாதம், பேரனுக்கு முத்தங்கள், உங்களுக்கு மன்னிப்பு.

அன்புடன் மாமா,
பாக்கியரத்தினம்

பி.கு: இக்கடிதம் முழுவதையும் உபுண்டுவில்தான் தட்டினேன். நீங்கள் வாங்கித் தந்த பிரிண்டர் அதோடு கதைக்க மாட்டேன் என்று மூன்று நாளாக நிற்கிறது. ஆகையால் மாமி திரையைப் பார்த்து வாசிக்க வாசிக்க, நான் கையால் எழுதி அனுப்புகிறேன். பிழை பிரிண்டரில்தான். வேறொன்று அனுப்பவும். சரீப்புக்குச் சொல்ல வேண்டாம்.