பத்தடி மூன்றங்குலத்துக்கு ஒரு நட்சத்திரம்

விளையாட்டு வீரர்களைக் கைமாற்றுவதில் அமெரிக்காக்காரர்களை மிஞ்ச ஆளில்லை என்று பேசுகிறவர்கள், 1997-இல் யாங்கோன் இருபத்தொன்பதாம் தெருவில், தஸ்தகீரின் குடைக்கடை மாடியில் நடந்த கூட்டத்தை அறியாதவர்கள்.

இளம்பிறை கூடைப்பந்துக் கழகத்தின் 'உலக நட்சத்திரம்' அஜ்மல். ஆறடி ஓரங்குலம். தெருவில் காயும் லுங்கிகளில் முகம் துடைக்காமல் அவனால் நடக்க முடியாது. அவனுக்குக் கல்யாண வயது வந்துவிட்டது. அதுதான் கழகத்துக்கு வந்த சோதனை. நம் ஆட்களில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டோடு போய்க் குடியிருக்க வேண்டும். வெளியூர்ப் பெண் என்றால் நட்சத்திரமும் வெளியூர். தகப்பன் இல்லாத பிள்ளை. தாயார் உம்மு சல்மா, வந்த மூன்று சம்பந்தங்களையும் 'பெரியவங்க பாத்துச் செய்யுங்க' என்று கழகத்திடமே ஒப்படைத்துவிட்டார்.

ஐந்து பேருக்கு மேல் கூடக்கூடாது என்று அரசாங்கம் உத்தரவு போட்டிருந்த காலம். நிர்வாகக் குழுவே ஐந்து பேர். ஆகவே 'விவாதப் பொருள்', அதாவது அஜ்மல், சட்டத்தை மதித்து மாடிப்படியில் உட்கார்ந்திருந்தது. அதன் மனசில் இருந்ததோ ஒரே ஒரு பெண்: குடைக்கடைக்காரர் மகள் சமீனா. அவள் வீட்டோடு போவதென்றால் நாற்பது எட்டு வைத்தால் போதும். இன்று எப்படியாவது சொல்லிவிட வேண்டும் என்று அஜ்மல் வந்திருந்தான்.

செயலாளர் அப்துல் அஜீஸ் தொண்டையைச் செருமினார். "முதல்ல த்வாண்டே ஊர்ப் பொண்ணு. பானை வியாபாரம். கழகத்துக்கு ஆயுசுக்கும் தண்ணிப் பானை தர்றாங்களாம்."

"பானை பந்து போடுமா?" என்றார் தலைவர் தஸ்தகீர்.

"கியாக்தான். சொந்த பஸ் இருக்கு. வெளியூர் ஆட்டத்துக்கு இனாமா ஏத்திக்கிட்டுப் போவாங்க."

"தோக்கறதுக்கு நடந்தே போலாமே."

"தன்லியின். பொண்ணுக்கு ரெண்டு தம்பிமாரு. ரெண்டு பேரையும் நமக்கு ஆட விடுறாங்க. ஒருத்தன் அஞ்சடி மூணு, மத்தவன் அஞ்சடி."

"கூட்டினா பத்தடி மூணு," என்றார் பொருளாளர் ஜமால். "நமக்கு நாலடி ரெண்டங்குலம் லாபம்."

அந்த மேதைமையைக் குழு உடனே குறிப்பேட்டில் ஏற்றியது.

அஜ்மல் வாசலில் தலையை நீட்டினான். "மாமா, என்னயும் ஒரு வார்த்த கேளுங்களேன்."

"உள்ள வராதே தம்பி. நீ வந்தா ஆறு பேர். அத்தனை பேரையும் போலீஸ்காரன் புடிச்சிட்டுப் போயிருவான்."

"அப்ப யாராச்சும் ஒருத்தர் வெளிய வாங்க."

ஐவரும் நாற்காலியை இறுகப் பிடித்துக்கொண்டார்கள். பொறுப்பை விட்டு ஓடுகிற ஆட்களா அவர்கள்?

தன்லியின் சம்பந்தம் ஏகமனதாக நிறைவேறியது. சமீனா தேநீர்த் தட்டோடு படியேறி வந்து அஜ்மல் பக்கத்தில் நின்றாள். உள்ளே அடுத்த பொருள்.

"இப்ப அணியில இடம் காலி," என்றார் தஸ்தகீர். "எம் மவளுக்கும் மாப்பிள்ளை பாக்கணும். மாப்பிள்ளை இங்கதானே வரப்போறாரு? ஆறடிக்குக் குறையாம, பந்து தெரிஞ்ச பையனா வெளியூர்ல தேடுங்க."

குழு இந்த ராஜதந்திரத்துக்குக் கைதட்டியது.

"வாப்பா," என்றாள் சமீனா, "அப்படி ஒருத்தர் இந்தா படியில நிக்கிறாரே. எனக்கும் அவரத்தான் புடிச்சிருக்கு."

"அவனத்தான் தன்லியினுக்குக் குடுத்தாச்சேம்மா," என்றார் தஸ்தகீர் கனிவாக. "உனக்குப் புடிக்கிறதுக்கும் இதுக்கும் என்ன இருக்கு? இது கழகத்து விஷயம். தட்ட வாசல்லயே வச்சிட்டுப் போ."

கழகத்தின் நடுநிலைமையைப் பாராட்டித்தான் ஆகவேண்டும். நம் தெருவில் அதுவரை பெண்பிள்ளைகளை மட்டும்தான் கேட்காமல் கட்டிக்கொடுத்து வந்தார்கள். அன்று முதல் ஆண்பிள்ளைகளுக்கும் அந்தச் சம உரிமை கிடைத்துவிட்டது.