உம் ஹஷாபின் பூகோளமும் சரித்திரமும் டேப்போடு வந்த விருந்தாளியும்

உம் ஹஷாப் ரயில் நிலையம்,
குர்துபான்.
புதன்கிழமை, அஸர் தொழுகைக்குப் பின்.

ரயில்வே தலைமை ஆபீஸ் இரண்டாம் மாடியில் குமாஸ்தாவாக இருந்து எங்கள் குடும்பத்துக்கே பெருமை சேர்க்கும் என் தங்கை மகன் முஸாபுக்கு, மாமா பாபிகிர் ஆயிரம் ஸலாமோடு எழுதிக்கொள்வது.

இறைவன் காப்பில் இங்கே எல்லோரும் சுகம். உன் சுகத்துக்கும், உன் மனைவி சுகத்துக்கும், கண்வலி என்று எழுதியிருந்தாயே அந்த உன் மாமனார் சுகத்துக்கும், உன் மேலதிகாரி சுகத்துக்கும் (அவர் சுகமாக இருந்தால்தான் இந்தக் கடிதத்தால் ஏதாவது நடக்கும்) தினமும் துஆ கேட்கிறோம். எங்களைப் பற்றிக் கேட்டால், உன் முகத்தைப் பார்க்கவில்லை என்பதைத் தவிர ஒரு குறையும் இல்லை. குறைகள் அடுத்த வரியிலிருந்து ஆரம்பம்.

நான் ஓய்வு பெற்று ஒன்பது வருஷம் ஆகிறது. என் இடத்துக்கு வரவேண்டிய புது ஸ்டேஷன் மாஸ்டர் இன்னும் வந்து சேரவில்லை. இலாகாவில் மாற்றல் உத்தரவு என்றால் முன்னே பின்னே ஆகத்தான் செய்யும், நான் குறை சொல்லவில்லை. சாவியை யாரிடம் ஒப்படைப்பது என்று தெரியாததால், வியாழன்தோறும் ரயில் வரும்போது மணி அடித்து, கொடி காட்டி, ரிஜிஸ்தர் எழுதி, மாதம் ஒரு அறிக்கையை ரயில் கார்டு ஹஸபல்லா கையில் கொடுத்தனுப்பிக்கொண்டு இருக்கிறேன். நூறுக்கு மேல் போயிருக்கிறது. ஒன்றுக்கும் பதில் இல்லை. வேலையில் குற்றம் இருந்தால் உடனே எழுதியிருப்பார்கள் அல்லவா?

விஷயத்துக்கு வருகிறேன். இரண்டு மாதத்துக்கு முன்னால் ஹஸபல்லா நம் காப்பிக்கடை பகீதாவின் பெஞ்சில் உட்கார்ந்து இஞ்சிக் காப்பி குடித்துக்கொண்டே, "மாஸ்டர், ஆபீஸ்ல ஒரு பெரிய புத்தகம் போடப்போறாங்களாம். லைன்ல இருக்கிற ஸ்டேஷனுக்கெல்லாம் பூகோளம், சரித்திரம் எழுதப்போறாங்களாம். அளக்கிற டேப்பும் நோட்டுமா ஆளுங்க சுத்துறாங்க" என்றான். அன்றிலிருந்து ஊருக்குத் தூக்கம் போயிற்று. சின்ன ஸ்டேஷன்களை மூடுகிறார்கள் என்ற பேச்சு ஏற்கெனவே இருந்தது. உனக்குத் தெரியும், மழை பிடித்தால் மூன்று மாதம் இங்கே லாரி வராது, வந்த லாரி திரும்பாது. மாவு, சர்க்கரை, டிஸ்பென்சரி மருந்து எல்லாம் ரயிலில்தான் வரவேண்டும். போன ஆவணி மழையில், குழந்தை குறுக்கே திரும்பிக்கொண்டு உம்தா தாவூதின் மகள் உயிருக்குப் போராடியபோது அவளைத் தூக்கிக்கொண்டு போனதும் அந்த ரயில்தான். தாயும் பிள்ளையும் சுகம். ரயில் நிற்கவில்லை என்றால் இரண்டு குழி வெட்டியிருப்போம். ஆகவே புத்தகத்தில் பெயர் ஏறிவிட்டால் பிறகு எவன் நம்மை மூட முடியும் என்று, ஊர்த் தலைவர் என்ற முறையில் உம்தா ஒரு சரித்திரக் கமிட்டி போட்டார். கமிட்டியில் உம்தா, பள்ளிக்கூடத்து ஜாபிர் வாத்தியார், நான். பகீதாவைச் சேர்க்கவில்லை, காப்பி அவள் கடையில்தான் என்பதால் அவளே சேர்ந்துகொண்டாள்.

பூகோளம் ஒரே நாளில் முடிந்தது. வடக்கே மணல். தெற்கே பிசின் மரங்களோடு கூடிய மணல். கிழக்கும் மேற்கும் தண்டவாளம். நடுவில் ஒரு குன்று, அது குன்றா மேடா என்பதில் மட்டும் கொஞ்சம் கைகலப்பு. "வெள்ளாடு ஏறினா மூச்சு வாங்குது, அதனால குன்றுதான்" என்று உம்தா தீர்ப்புச் சொன்னார். சரித்திரத்தில்தான் தகராறு. நம் ஊர் முதலில் இங்கே இல்லை, நாலு மைல் தள்ளிக் கிணற்றடியில் இருந்தது. ஸ்டேஷன் வந்ததும் மொத்த ஊரும் ரயிலைப் பார்க்க வந்து இங்கேயே உட்கார்ந்துவிட்டது, கிணற்றைக் கொண்டுவர மறந்துவிட்டது, அன்றிலிருந்து கழுதைகள்தான் தண்ணீர் சுமக்கின்றன. இதுவரை எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். ஆனால் வெள்ளைக்கார இஞ்சினியர் எதற்காக இந்த இடத்தில் ஸ்டேஷன் போட்டான்? உம்தாவின் பாட்டனார் ஒட்டகப் பால் கொடுத்து உபசரித்தாராம், அந்த நன்றியில் போட்டானாம். இது உம்தா வீட்டுச் சரித்திரம். வாத்தியார் விடவில்லை. "பால் கொடுத்தது நெசந்தான். அந்தப் பாலைக் குடிச்சு அவனுக்கு மூணு நாள் வயித்தால போச்சு, எழுந்து நடக்க முடியல, படுத்த இடத்திலேயே ஸ்டேஷனைப் போடச் சொல்லிட்டான். நன்றியாம் நன்றி!" என்றார். உம்தா செருப்பைக் கழற்ற, பகீதா குறுக்கே வந்து, "ரெண்டு பேரும் பாலை விடுங்க. எங்க அம்மா அப்ப இங்கதான் காப்பி வித்தா. கூலிக்காரனுங்க இதுக்கு மேல ஒரு அடி போகமாட்டோம்னு மம்பட்டியைக் கீழ போட்டுட்டானுங்க. அதான் சரித்திரம்" என்றாள். மூன்றையும் எழுதிக்கொண்டேன். ஒரு ஸ்டேஷனுக்கு மூன்று சரித்திரம் இருந்தால் இலாகாவுக்கு நஷ்டமா என்ன?

இந்த நிலைமையில் போன வியாழக்கிழமை ரயிலிலிருந்து ஓர் ஆள் இறங்கினான். கையில் டேப். கக்கத்தில் நோட்டு. காதில் பென்சில். இறங்கியதும் சிக்னல் கம்பத்தைக் கட்டிப்பிடித்துச் சுற்றளவு பார்த்தான். முஸாப், எங்கள் நெஞ்செல்லாம் பொங்கிவிட்டது. பெயர் மக்கி என்றான். மேற்கொண்டு நாங்கள் கேட்கவில்லை. எப்படிக் கேட்பது? வந்த விருந்தாளியை மூன்று நாள் சாப்பாடு போட்டு முடிக்கும் முன் "என்ன விஷயமாக வந்தீர்கள்" என்று கேட்பவன் உம் ஹஷாபில் பெண் எடுக்க முடியுமா? நீயும் இந்த ஊரில் பிறந்த பெண்ணின் பிள்ளை, உனக்கு நான் சொல்லவேண்டியதில்லை. பட்டணத்தில் வாசலிலேயே கேட்டுவிடுகிறார்களாம், அது அவர்கள் வளர்ப்பு.

முதல் நாள் உம்தா வீட்டில் ஆடு. அந்த ஆள் ஈரலைத் தின்றுகொண்டே, "தண்ணி டேங்க் எந்தக் காலத்துது?" என்று கேட்டான். பார்த்தாயா, சரித்திரக் கேள்வி! ஆவி எஞ்சின் ஓடிய காலத்துது, எஞ்சின் தண்ணீர் குடிக்கத்தான் அதைக் கட்டினார்கள், டீசல் வந்த பிறகு டேங்கில் நாங்கள் மழைத்தண்ணீர் பிடித்து வைத்திருக்கிறோம் என்று நான் ஒரு மணி நேரம் விளக்கினேன். அவன் எழுதியது ஒரே ஒரு எண். சுருக்கெழுத்து என்று நினைத்தேன். இரண்டாம் நாள் வாத்தியார் வீட்டில் கோழி. பால் விவகாரத்தை வாத்தியார் நடித்தே காட்டினார். அவன் சிரித்துவிட்டு, "லூப் லைன் ஒண்ணு இருக்கணுமே, காணோமே?" என்றான்.

ரயில் ஒதுங்கி நிற்க அந்தக் காலத்தில் போட்ட லூப் லைன் மண்ணுக்குள் போய்ப் பதினைந்து வருஷம் ஆகிறது. எங்களுக்கே மறந்துவிட்டது. புத்தகத்தில் நம் ஸ்டேஷனுக்கு ஒரே லைன் என்று வந்தால் அடுத்த ஊர்க்காரன் சிரிக்கமாட்டானா? உம்தா முரசு அடித்து ஊரைக் கூட்டினார். ஆண் பெண் அத்தனை பேரும் மம்பட்டி, கூடை, சட்டி சகிதம் இறங்கி, பாட்டுப் பாடி, மூன்றாம் நாள் மாலைக்குள் அறுநூறு அடி தண்டவாளத்தைத் தோண்டி வெளியே எடுத்து, எண்ணெய் போட்டுத் துடைத்தும் வைத்தோம். டேப்பின் மறுமுனையைப் பிடித்தது யார் என்று நினைக்கிறாய்? நான்தான். மக்கிக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "என் தொழில்ல எத்தனையோ ஊர் பாத்திருக்கேன் மாமா, இப்படி ஒரு ஜனத்தைப் பாத்ததில்ல" என்று என்னைக் கட்டிக்கொண்டான். நானும் அழுதேன். இப்போது நினைத்தால் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

நாலாம் நாள் காலை. வழக்கப்படி இனிக் கேட்கலாம். பகீதாவின் கடையில் ஊரே உட்கார்ந்திருக்க, உம்தா தொண்டையைச் செருமிக்கொண்டு, "தம்பி, புத்தகம் எப்ப வெளிவருது?" என்றார்.

"எந்தப் புத்தகம்?"

"இலாகா புத்தகம்ப்பா. நம்ம பூகோளம், சரித்திரம்."

மக்கி முழித்தான். பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து என்னிடம் நீட்டினான். சத்தமாகப் படிக்க ஆரம்பித்து, பாதியில் சத்தம் தானாக நின்றுவிட்டது. உம் ஹஷாபில் உபயோகமில்லாமல் கிடக்கும் இரும்பு முழுவதும், டேங்க், சிக்னல் கம்பம், மணி, கண்டுபிடிக்க முடிந்தால் லூப் லைன் உட்பட, மேற்படி மக்கிக்கு விற்கப்பட்டது என்று போட்டிருந்தது.

"நீ பழைய இரும்புக்காரனா?" என்றார் வாத்தியார்.

"ஆமாங்க. நீங்க கேக்கவே இல்லையே."

"அட பாவி, எங்க வீட்டுக் கோழி!"

பகீதா எழுந்து வந்து அவன் கையிலிருந்த காப்பியை வாங்கி மண்ணில் ஊற்றினாள். "கண்டுபிடிக்க முடிந்தால்னு அவனுங்களே சந்தேகப்பட்டு எழுதியிருக்கானுங்க. ஊர் கூடிக் கண்டுபிடிச்சுக் கொடுத்திருக்கு, பாட்டு வேற. தூ! அறிவு உங்க கமிட்டிக்கு ஒரு சொட்டாவது இருக்கா?" என்றாள். அவளும் கூடை சுமந்தவள்தான். சிலர் அவனைக் குன்றின் உச்சியிலிருந்து உருட்டலாம் என்றார்கள். நம் குன்றில் உருட்டினால் பாதியிலேயே நின்றுவிடுவான், தவிர விருந்தாளி, மேலே கை வைக்க முடியாது. இப்போதும் ஸ்டேஷன் ஆபீஸில் என் பாயில்தான் படுத்திருக்கிறான், நாளைய ரயிலுக்குக் காத்துக்கொண்டு. போனதும் மூன்று வேகன் எடுத்துக்கொண்டு வருவேன் என்கிறான். இரும்பு ஏற்றினால் லாரி மணலில் புதைந்துவிடும், ரயில் வேகன்தான் ஒரே வழியாம். சாப்பாடு போடுகிறோம், இஞ்சி இல்லாமல் காப்பி கொடுக்கிறோம், பேச்சில்லை.

ஆகவே என் கண்ணே முஸாப், உன் காலில் விழாத குறையாகக் கேட்கிறேன். மணியும் கம்பமும் போய்விட்டால் ஸ்டேஷன் ஏது, ஸ்டேஷன் இல்லாவிட்டால் ரயில் எதற்கு நிற்கும், ரயில் நிற்காவிட்டால் அடுத்த மழையில் எங்கள் கதி என்ன? இந்தக் கடிதத்தை அப்படியே உன் மேலதிகாரி மேஜையில் வை. அவர் தலைமை மேனேஜர் மேஜையில் வைக்கட்டும். ஒவ்வொரு மாடியிலும் உரக்கப் படி. உம் ஹஷாப் என்று ஓர் ஊர் இருக்கிறது, அங்கே ஒரு ரயில் நிற்கிறது, ஒன்பது வருஷமாக ஒரு கிழவன் ஒரு வாரம்கூடத் தவறாமல் மணி அடிக்கிறான் என்று சுவருக்குச் சுவர் கேட்கும்படி சொல். கூடவே மூன்று சரித்திரத்தையும் புத்தகத்தில் சேர்க்கச் சொல். இடம் போதாவிட்டால் உம்தா வீட்டுச் சரித்திரத்தை மட்டும் விட்டுவிடலாம், நான் சொன்னதாகச் சொல்லாதே.

உன் மனைவிக்கு என் ஸலாம். மாமனார் கண்ணுக்குக் குளிர்ச்சியாக எதையாவது வைத்துக் கட்டச் சொல். இறைவன் உனக்கு மூன்றாம் மாடியைத் தருவானாக, எங்களுக்கு மாடியே இல்லாத இந்த ஸ்டேஷனை விட்டுவைப்பானாக.

உன் தாய்மாமன்,
பாபிகிர்
ஸ்டேஷன் மாஸ்டர் (ஓய்வு, பொறுப்பில்)

பின்குறிப்பு: வியாழன் காலை. ரயில் வந்து நிற்கிறது. பெஞ்சில் உட்கார்ந்து அவசரமாக எழுதுகிறேன், எழுத்து கோணினால் மன்னித்துக்கொள். முதலில் மக்கிதான் ஹஸபல்லாவைப் பிடித்தான், மூன்று வேகன் வேண்டும் என்று. "எந்த ஸ்டேஷன்ல லோடு?" என்றான் ஹஸபல்லா. "இதே உம் ஹஷாப்தான்." "அப்படி ஒரு ஸ்டேஷன் வேகன் எழுதுற புத்தகத்துல இல்லையே. இல்லாத ஸ்டேஷனுக்கு வேகன் எழுதித் தரமாட்டாங்க." "அப்ப நான் நிக்கிறது எங்கய்யா?" என்று கத்தினான் மக்கி. "அது உங்க பாடு" என்று சொல்லிவிட்டு ஹஸபல்லா என்னிடம் வந்தான். நான் கடிதத்தைக் கொடுத்தேன். நின்றபடியே முழுக்கப் படித்தான். பிறகு என் பக்கத்தில் உட்கார்ந்து, "மாஸ்டர், உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு ஒம்பது வருஷமா முழிச்சுக்கிட்டு இருக்கேன். நீங்க ஓய்வான அன்னைக்கே இந்த ஸ்டேஷனை மூடிட்டாங்க. புது மாஸ்டர்னு யாரையும் போடவே இல்ல. உங்க அறிக்கை அத்தனையும் என் வீட்டுப் பெட்டியில பத்திரமா இருக்கு" என்றான்.

"அப்ப ரயில் ஏன் நிக்குது?" என்றேன்.

"நீங்க மணி அடிக்கிறீங்க, டிரைவர் நிறுத்துறார். மணி அடிச்சா எப்படி நிறுத்தாமப் போறதுன்னு கேக்கிறார். இந்தக் கடுதாசி அந்த மேஜைக்குப் போச்சுன்னா, மூடின ஸ்டேஷன்ல ரயில் ஏன் நிக்குதுன்னு ஒருத்தன் கேப்பான். அப்புறம் நிக்காது."

ஆகவே முஸாப், மேலே எழுதியது எல்லாவற்றையும் மறந்துவிடு. நானே கிழித்திருப்பேன், ஆனால் மூன்று சரித்திரத்தையும் இதில்தான் ஒழுங்காக எழுதியிருக்கிறேன், மனசு வரவில்லை. ஹஸபல்லா இதைத் தபால் பையில் போடாமல் தலைப்பாகைக்குள் வைத்துக்கொண்டு வருவான். ஒரு தடவை படி. அடுப்பில் போடு. உன் மேலதிகாரி, மேனேஜர், எந்த மாடியிலும் மூச்சு விடாதே. வேகன் இல்லாமல் இரும்பை எடுக்க வழியில்லை, தின்ற சோற்றுக்கு இதாவது செய்கிறேன் என்று, மக்கியும் தான் இங்கே வந்ததே இல்லை என்று சத்தியம் செய்துவிட்டு வண்டியில் ஏறிவிட்டான். பகீதா அவனுக்கு இஞ்சி போட்டே ஒரு காப்பி கொடுத்தாள்.

டிரைவர் ஜன்னலில் தலையை நீட்டி என்னைப் பார்க்கிறார். மணி அடிக்கப் போகவேண்டும். உன் அம்மா பிறந்த ஊர் எது என்று ஆபீஸில் யாராவது கேட்டால், கொஞ்சம் யோசிக்கிற மாதிரி நடித்துவிட்டு, ஞாபகம் இல்லை என்று சொல்லிவிடு.