விசில் ஊதாத விமானம்

வெள்ளிக்கிழமை நிலத்தை விற்றே தீருவது என்று நான் முடிவெடுத்தேன். வியாழக்கிழமை இருவரும் சிங்கப்பூர் போவது என்று என் மனைவி அம்சம் முடிவெடுத்தாள். எங்கள் வீட்டில் யார் முடிவு நிற்கும் என்பது கடைமடை வரைக்கும் தெரியும்.

மூன்று மா, அதாவது ஒரு ஏக்கர் நிலம். குத்தகைப் போராட்டத்தில் ஜெயிலுக்குப் போய் மாமனார் மீட்டு, என் பெயரில் எழுதிவைத்தது. வாய்க்காலில் தண்ணீர் வருவதில்லை. வந்தால் உப்புத் தண்ணீர். எனக்கு வெறுத்துவிட்டது. இறால் பண்ணைக்காரர் ஒருவர் கேட்டார். வெள்ளிக்கிழமை பதியாவிட்டால் பக்கத்து வயலை வாங்கிக்கொள்வாராம். அம்சத்திடம் நான் மூச்சு விடவில்லை.

"மக பிரசவத்துக்கு நீ போ. நான் எதுக்கு?"

"நீங்க இல்லாம எப்படிங்க பிளேன் ஏறுறது? பயமா இருக்குங்க."

முப்பது வருஷத்தில் முதல் தடவையாகப் பயந்தாள். நம்பித் தொலைத்தேன்.

திட்டம் போட்டேன். கிளம்பும் நேரத்தில் கலாட்டா செய்தால் என்னை இறக்கிவிட்டு அவளைக் கொண்டுபோவார்கள். நாகப்பட்டினம் பஸ்ஸில் இப்படி எத்தனை பேரை இறக்கியிருக்கிறார்கள். திருச்சியில் ஏறினோம். விசில் ஊதட்டும் என்று காத்திருந்தேன். அப்படியே கண் அசந்துவிட்டது. விழித்தபோது வண்டி ஆடவில்லை, அசையவில்லை. இன்னும் கிளம்பவில்லை, இதுதான் சமயம்.

"இறக்கி விடுங்கய்யா" என்று கத்திக்கொண்டே ஓடிக் கதவைப் பிடித்தேன்.

"சார், கீழ கடல் சார்" என்றாள் பணிப்பெண்.

அதற்குள் நாலு பேர் என்மேல் விழுந்தார்கள். ஒருவர் நெஞ்சிலேயே உட்கார்ந்துவிட்டார். பணிப்பெண் கட்டுவதற்குக் கயிறு தேடினாள்.

"தள்ளும்மா, நான் கட்டுறேன்."

அம்சம்தான். என் கட்சித் துண்டை உருவி, முறுக்கி, முழங்காலை வைத்து அழுத்தி, நெற்கட்டு கட்டுவதுபோல் என் கைகளைக் கட்டினாள். களத்தில் அவள் கட்டிய கட்டு அவிழ்ந்ததாகச் சரித்திரமே இல்லை. எல்லாரும் கைதட்டினார்கள்.

"அம்சம், நாளைக்குப் பதிவு இருக்கு" என்று அழுதேன். நிஜமாகவே அழுதேன்.

"தெரியும். பத்திரம் எழுதுறவர் சம்சாரம் மங்களாம்பிகை போன வாரமே சொல்லிட்டா. எங்க அப்பா ஜெயில்ல கிடந்து வாங்கின மண்ணுங்க அது. அதான் உங்களையும் அழைச்சிட்டு வந்தேன்."

எனக்கு ஒரே ஒரு நம்பிக்கை மிச்சமிருந்தது. கலாட்டா செய்தவனை அடுத்த விமானத்திலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். விடிந்தால் ஊர், பத்து மணிக்குப் பதிவு.

இறங்கியதும் போலீஸ் வந்தது. தமிழ் பேசும் அதிகாரி. என் பாஸ்போர்ட்டை வாங்கிக்கொண்டு, கேஸ் முடிகிறவரை நான் நாட்டை விட்டுப் போகக்கூடாது என்றார்.

அம்சம் அவரைக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

"இவரை இங்க எப்படிப் பிடிச்சு வைக்கிறதுன்னு ஒரே கவலையா இருந்துச்சுங்க. நல்லவேளை, நீங்களே வச்சுக்கிட்டீங்க."