கேட் நாற்காலிக்கு ஒரு தோள்

"தலையையாவது நீயே வாரிக்கினா இன்னா?" என்று மனைவி ஜெனிபர் சீப்பை நீட்டினாள்.

"கை தூக்கக் கூடாதுடி! பட்டை பாத்துக்கினு கீது."

தானியேலின் வலது கையில், தோளுக்குச் சற்றுக் கீழே, தீப்பெட்டி அளவு சென்சார் வைத்த ஒரு பட்டை கட்டியிருந்தது. காக்களூர் கம்பெனியில் பிரஸ் மிஷின் இழுத்துவிட்ட தோள். அது சரியாகி ஒரு மாசமாகிறது என்பது ஜெனிபருக்கு மட்டும் தெரியும். லீவு முடிந்தால் மறுபடி அதே மிஷின். ஆனால் கேட்டில் செக்யூரிட்டி ரிட்டயராகி, ஃபேனுக்கு அடியில் ஒரு நாற்காலி காலியாக இருந்தது. தோள் போனவர் என்று நிரூபித்தால் அது தானியேலுக்கு.

எச்.ஆர். துளசிராமன் லேசில் விடுகிற ஆளா? "இனிமே வலிய வாய் சொல்லக் கூடாது, டேட்டா சொல்லணும்!" என்று மேடைப் பேச்சாகப் பேசி, ஒரு வாரத்துக்குப் பட்டையை மாட்டவைத்துவிட்டார். கை எவ்வளவு உயரம் போகிறது என்று அது குறித்துக்கொள்ளும்.

ஆகவே கை மேலே போகவில்லை. செவ்வாப்பேட்டையில் ரயில் ஏறியவர் மேல் பிடியைப் பிடிக்காமல் நின்று, வண்டி குலுங்கியதும் ஒரு பூக்காரம்மாள் மடியில் போய் உட்கார்ந்தார்.

"கை இல்லியாய்யா உனக்கு?"

"கீது. தூக்க மாட்டேன்."

பெட்டியே சிரித்தது.

ஞாயிறு ஜெபத்தில் எல்லார் கையும் உயர்ந்தது. ஒரு கை மட்டும் தொங்கியது. பாஸ்டர் இறங்கி வந்தார்.

"பிரதர், இன்னா பாரம்?"

"தோள்ல வலி பாஸ்டர்" என்று தானியேல் சமாளித்தார். அதுதான் வினை. பாஸ்டர் கண்ணை மூடி ஜெபித்து, அந்தக் கையைப் பிடித்து உயரே தூக்கிவிட்டார்.

"ஐயோ, வுடு பாஸ்டர்!"

"கத்தறாரு பாருங்க, வலி வெளிய போவுது!" என்று இன்னும் உயர்த்தினார். சபை கைதட்டியது.

திங்களன்று பிசியோதெரபிஸ்ட் சுகிர்தா லேப்டாப்பை முறைத்தாள். "ஞாயித்துக்கெழம கை வானத்துக்கே போயிருக்கு?"

"நான் தூக்கலம்மா! பாஸ்டர் புட்சி இஸ்துட்டாரு!"

"ஆமா, வெடுக்குனுதான் ஏறியிருக்கு. மத்தபடி வாரம் பூரா நெஞ்சுக்கு மேல வரவேயில்ல. பாவம்." 'வலது கையை உயர்த்த இயலாதவர்' என்று எழுதிக் கொடுத்தாள்.

துளசிராமன் கண்ணாடியை ஏற்றி இறக்கி அதை இரண்டு முறை படித்தார். "டேட்டா சொன்னப்புறம் நான் யாரு மறுக்க? கேட்டு உனக்குத்தான்" என்று பேனாவைத் திறந்தார். தானியேலுக்கு அங்கேயே ஃபேன் காற்று அடித்தது.

டீ வைக்க வந்த கேண்டீன் குணசுந்தரி எட்டிப் பார்த்தாள்.

"இன்னா சார், இவரயா கேட்டுல போடுற? எம்.டி. காரு வந்தா சல்யூட் அடிக்கணுமே, காலயா தூக்குவாரு?"