திருடன் எந்தப் பக்கமா வந்தான்?

நேத்து எனக்கு ஒரே வேலைதான். ஸ்டேஷன்ல புகார் குடுத்து ரசீது வாங்கணும்.

நைட் ஷிப்ட் முடிஞ்சு கள்ளிக்குப்பம் வீட்ல வந்து படுத்தேன். போன் அடிச்சுது. "கேஸ் கனெக்‌ஷன் கட் ஆகப்போகுது, ஓடிபி சொல்லுங்க."

சொல்லிட்டேன்! பகல்ல தூங்கறவனுக்கு உலகமே கனவு மாதிரிதான் பேசும். கம்ப்யூட்டரை நானே கத்துக்கிட்டேன்னு ஷிப்ட்ல பீத்திக்கற ஆளு வேற நான்.

எழுந்து பார்த்தா என் வாட்ஸப் எவன் கையிலயோ. "ஆஸ்பத்திரில இருக்கேன், பணம் அனுப்புங்க"ன்னு என் பேர்ல எல்லாருக்கும் மெசேஜ். என் பொண்ணைப் பார்த்துட்டுப் போன மாப்பிள்ளையோட அப்பாவுக்கும்!

"போலீஸ் ரசீதைக் காட்டினாத்தான் நம்புவாரு. போய்யா!" வீட்டுக்காரி துரத்தினா.

ஸ்டேஷன்ல ஏட்டு பேனாவைத் திறந்தார். "சம்பவ இடம்?"

"போன்ல சார்."

"போன் எங்க இருந்துச்சு?"

"காதுல."

"காது?"

"கட்டில்ல சார்."

"அப்ப கட்டில்தான். கிளம்பு, வரைபடம் போடணும்."

"சார், அந்த நம்பரை உடனே முடக்கினா..."

"யூடியூப் நிறைய பார்ப்பியா? அதுக்கு மேலதிகாரிக்கு எழுதிக் கேக்கணும். பதில் வர்றதுக்குள்ள அவன் சிம்மையே மாத்திடுவான். ஏறு வண்டில."

போலீஸ் வண்டிலேர்ந்து இறங்கினேன். தெருவே கூடிடுச்சு. அயர்ன் வண்டிக்காரர் கத்தினார்: "இன்னா நைனா, உன்னியே புட்சிகினாங்களா?"

அவரையே முதல் சாட்சியாக்கி உள்ள கூட்டிட்டு வந்தார் ஏட்டு. டேப்பை எடுத்துக் கட்டிலை அளந்தார். ஜன்னலுக்கும் தலகாணிக்கும் நடுவுல அளந்தார்.

"திருடன் எந்தப் பக்கமா வந்தான்?"

"வரவே இல்ல சார்."

"கதவு?"

"பூட்டியிருந்துச்சு."

'பூட்டு உடைக்கப்படவில்லை'ன்னு எழுதிக்கிட்டார். "எப்படிப் படுத்திருந்தே? படு."

படுத்தேன். காதுல கைய வெச்சேன்.

அப்பத்தான் மாப்பிள்ளையோட அப்பா நுழைஞ்சார். கையில சாத்துக்குடி!

"எந்த ஆஸ்பத்திரின்னு கேக்கலாம்னு வந்தேன். நீங்க இன்னாடான்னா ஊட்லயே படுத்துகினு கீறீங்க?"

நான் வாயத் திறக்கறதுக்குள்ள ஏட்டு முந்திக்கிட்டார். "கரெக்டா வந்தீங்க. இன்னொரு சாட்சி வேணும். படிச்சுட்டுக் கையெழுத்துப் போடுங்க."

அவர் வரி விடாம படிச்சார். நிமிர்ந்தார். "ஓடிபியை நீங்களேவா சொன்னீங்க?"

"ஆமாங்க."

கையெழுத்துப் போட்டார். சாத்துக்குடியை என் வீட்டுக்காரி கையில குடுத்தார்.

"சம்பந்தத்துல மாத்தமில்ல. ஆனா இனிமே எதுவானாலும் தங்கச்சிகிட்டதான் பேசுவேன். உங்ககிட்ட இல்ல."

சாயங்காலம் ரசீது கிடைச்சிடுச்சு: நான் ஏமாத்துக்காரன் இல்ல, ஏமாளிதான்னு, சீல் குத்தி.