எனக்கு விழுந்த பதினோரு லைக்

பெற்ற மகளைப் பார்த்துப் பொறாமைப்படும் அப்பன் இருப்பானா என்று கேட்பீர்கள். இருக்கிறான். செஞ்சியில், பேருந்து நிலையத்துக்குப் பின்னால் குடியிருக்கிறான். (இதை எழுதுவதும் அவன்தான்.)

என் மகள் யாழினி பன்னிரண்டாம் வகுப்பு. ராஜகிரிக் கோட்டைப் படியில் அவள் நின்ற ஒரு படத்துக்குத் தொள்ளாயிரம் லைக். எடுத்தது நான். வெயிலில் மண்டியிட்டு நாற்பது முறை எடுத்தேன். ஓரத்தில் என் கட்டைவிரல் விழுந்திருந்தது. அதையும் வெட்டிவிட்டுத்தான் போட்டாள். அதே படியில் நான் நின்ற படத்தை நான் போட்டேன். பதினோரு லைக். அதில் ஏழு, என் மச்சான் வீட்டார்.

லைக் விழும்வரை அவள் தோசையைத் தொடமாட்டாள். குறைந்தால் அழுவாள். பரீட்சை என்னாகுமோ என்று பயந்தேன். பயம் நிஜம். ஆனால் வயிற்றில் எரிந்தது வேறு. ஒரு ஞாயிற்றுக்கிழமை ‘ராஜகிரி ராஜா’ என்று கள்ளக் கணக்கு ஒன்று தொடங்கி, என் படத்துக்குக் கீழே நானே எழுதினேன்: “அண்ணா, வயசே தெரியல! ஹீரோ!”

அந்தச் சமயம் பார்த்து, பள்ளியில் பெற்றோர் கூட்டம். பிள்ளைகளின் செல்ஃபி மோகம் பற்றிப் பேச என்னை அழைத்தார்கள். (கோர்வையாகப் பேசுவேன் என்று ஊரில் ஒரு பெயர் உண்டு. அன்றுவரை.)

“நான் பேசி முடிச்சதும், எக்ஸாம் வரைக்கும் உன் போனை பீரோவுல பூட்டணும்” என்றேன் யாழினியிடம்.

“சரி நைனா. யாரும் சிரிக்காம கேட்டா என் போன். சிரிச்சாங்கன்னா உன் போன்.”

மேடையில் என் போனைப் பெரிய திரையோடு இணைத்தார்கள். “தன்னைத்தானே ரசிப்பது ஒரு நோய்!” என்று முழங்கிவிட்டு, உதாரணம் காட்டச் செயலியைத் திறந்தேன். திரையில் ஆள் உயரத்துக்கு நான். கீழே ராஜாவின் பாராட்டு. மேலே, என் போனில் திறந்திருந்த கணக்கின் பெயர்: ராஜகிரி ராஜா.

“சார், அந்த ராஜா நீங்கதானா?” என்றாள் முன்வரிசை மாணவி ஒருத்தி.

இரண்டாம் வரிசையிலிருந்து என் மனைவி எழுந்தாள். “இன்னாங்க இது, உங்களை நீங்களே அண்ணான்னு கூப்டுக்கினீங்களா?”

தலைமையாசிரியைகூடச் சிரித்தார். ஒயரைப் பிடுங்கினேன், மைக்தான் விழுந்தது. படம் அப்படியே நின்றது. இன்றும் யாராவது மைக்கைத் தட்டினால் எனக்கு வியர்க்கிறது.

யாழினி மட்டும் சிரிக்கவில்லை. ஸ்கூட்டரில் பின்னாலிருந்து கேட்டாள்: “எங்கிட்ட சொல்லியிருந்தா நானே லைக் போட்டிருப்பேன்ல, நைனா?”

“நீதான் என்னை பிளாக் பண்ணி வெச்சிருக்கியே.”

வீட்டு வாசலில் இறங்கியதும் பிளாக்கை எடுத்துவிட்டாள். பிறகு, பந்தயப்படி என் போனை வாங்கி பீரோவில் வைத்துப் பூட்டினாள்.

போன மாதம் தொண்டூரில் சொந்தத்தில் ஒரு கல்யாணம். போட்டோகிராபர் எங்கள் குடும்பத்தைக் கூப்பிட்டதும் மச்சான் கத்தினான்: “மாமாவை நடுவுல நிறுத்துங்கப்பா! இல்லன்னா வூட்டுக்குப் போயி அவருக்கு அவரே ஆறுதல் சொல்லிக்குவாரு!”

நடுவில்தான் நின்றேன். படம் வந்ததும் முதலில் என் முகத்தைப் பார்த்தேன். அடுத்து, யாழினி என்னைவிட நன்றாக விழுந்திருக்கிறாளா என்று பார்த்தேன்.

விழுந்திருந்தாள்.